படிக்கு அடி

பதின்மூன்று படி. மூன்று தரம் எண்ணிவிட்டேன், பதின்மூன்றுதான், இன்னும் எண்ணினாலும் கூடவோ குறையவோ போவதில்லை, ஆனாலும் வேலையைத் தொடங்காமல் நிற்பதற்கு எண்ணுவதைப் போல வசதியான சாட்டு வேறு இல்லை. அளவு நாடாவை வைத்துப் பார்த்துக் காட்போட் மட்டையில் எழுதியும் ஆயிற்று. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் ஏழு அங்குலம் வெறும் காற்று. இரண்டு பக்கச் சட்டத்திலும் பலகையைச் செருகிவிட்டு முன்பக்கத்தை அடைக்காமல் விட்ட படிகள், ஏணிக்கு அக்கா முறை, அவ்வளவுதான். ஒரு பக்கம் சுவர், அதில் ஒரு கைபிடி. மற்றப் பக்கம் ஒன்றும் இல்லை. பேஸ்மென்டின் சீமெந்துத் தரை வரைக்கும் ஒன்றுமே இல்லை. நான் அந்தத் தரையில் நின்று மேலே பார்க்கிறேன். கையில் என் மனைவி துஷியின் தமையனிடம் இரவல் வாங்கிய டிரில், காலடியில் கடைக்காரன் அறுத்துத் தந்த பதின்மூன்று பலகை, ஒரு கட்டு மரக்கம்பி, பிள்ளையை மறிக்க மேல்வாசலில் பூட்ட ஒரு சின்னக் கேற். சனிக்கிழமை, காலை பத்து மணி, வெளியே கனடாவின் ஸ்காபரோ முழுவதும் இலை கூட்டிக்கொண்டிருக்கிறது. மேலே குசினியில் துஷி நடக்கிறாள். சத்தத்திலேயே தெரியும், வலது கால் அழுத்தம், இடது கால் கொஞ்சம் இழுப்பு, இடது இடுப்பில் அகரன் இருக்கிறான். எங்கள் மகன். பதினொரு மாதம். இந்தப் பதினொரு மாதத்தில் அவன் ஒரு நாள்கூட இந்த வீட்டின் தரையைத் தொட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் அகரனைப் பாயில் இருத்தினார், இருத்தின இடத்திலேயே இருந்தான், கடையில் இறக்கி வைத்த அரிசிப் பை மாதிரி. முன்னால் ஒரு சிவப்புப் பந்தை உருட்டிவிட்டார். மற்றப் பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் போகும். இவன் பந்தைப் பார்த்தான், துஷியைப் பார்த்தான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழத் தொடங்கினான். காலில் பிழை இல்லை, முதுகில் பிழை இல்லை, தரையில் விடுங்கள், அதுதான் மருந்து என்றார் டொக்டர். துஷி தலையாட்டினாள். அவள் எல்லோருக்கும் தலையாட்டுவாள், அதில் ஒரு குறையும் வைக்கமாட்டாள். காரில் ஏறின பிறகுதான் வாயைத் திறந்தாள். "படியை அடையுங்கோ. அடைச்சு முடிஞ்ச கையோட இறக்கிவிடுறன்." நான் சரி என்றேன். இரண்டு சிக்னல் தாண்டியது. "அடைச்சாப் பிறகும் நான் கேற்றைப் பூட்ட மறந்துபோனா?" என்றாள். நான் ரோட்டைப் பார்த்தேன். அவளுக்குப் படியில் பயம் இல்லை, அவளுக்குத் தன்னில்தான் பயம், தன் கையில், தன் மறதியில். பதின்மூன்று பலகை இல்லை, இந்த வீட்டையே பலகையால் மூடினாலும் அந்தப் பயம் அடைபடாது. அதை அடைக்கக்கூடிய ஒரே ஆள் நான். எனக்கு மட்டும்தான் ஒரு விஷயம் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். சரி, முதலில் பலகை.

கீழேயிருந்து தொடங்குவோம், கீழ்ப்படி பாவம், அதில் ஒன்றும் நடக்கவில்லை. பலகையை இடைவெளிக்குள் வைத்து முழங்காலால் அமத்தி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஸ்குரூ. டிரில் கத்துகிறது. முதல் பலகை உட்கார்ந்ததும் அந்த ஏழு அங்குல இருட்டு காணாமல் போயிற்று. இவ்வளவுதானா வேலை? ஒரு பலகைக்கு நாலு நிமிடம். பதின்மூன்று பலகைக்கு ஒரு மணித்தியாலம் கூட இல்லை. வீடு வாங்கும்போதே அதைச் சோதித்துப் பார்க்க வந்த ஆள் சொன்னான், படி திறந்திருக்கிறது, பக்கக் கம்பி இல்லை, சின்னப் பிள்ளைகள் வந்தால் கவனம், இரண்டு கம்பிக்கு இடையில் நாலு அங்குலத்துக்கு மேல் விடக் கூடாது, பிள்ளையின் தலை போகும் என்றான். நானும் ஓம் ஓம் என்றேன். பேஸ்மென்டை முழுதாகச் செய்யும்போது இதையும் சேர்த்துச் செய்வோம் என்று நினைத்தேன். குளியலறை போட்டு, சுவர் எழுப்பி, தனி வாசல் வைத்து எல்லாம் செய்யும்போது. குடிபுகுதலுக்குப் பால் காய்ச்சின அன்று எண்பது பேர் இந்தப் படியால் இறங்கி, கீழே கதிரை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையில் வெற்றிலையோடு திரும்ப ஏறிப் போனார்கள். பட்டுச்சேலைகள், மூட்டுவலிக்காரர்கள், வேட்டி தடுக்குகிறவர்கள். ஒருத்தரும் விழவில்லை. பிறகு இந்தப் படியை யார் சந்தேகிப்பது? துஷிதான் சந்தேகித்தாள். ஆரபி தவழத் தொடங்கிய நாளிலிருந்து சொன்னாள். "ஒரு கேற் எண்டாலும் பூட்டுங்கோப்பா. எத்தினை தரம் சொல்லுறது?" இந்தச் சனி, அடுத்த சனி. சனிக்கிழமைகளுக்கு நான் ஒரு நாளும் பஞ்சம் வைத்ததில்லை.

ஆரபி. பெயரைச் சொல்லிவிட்டேன். வாயால் இல்லை, மனதுக்குள்தான், ஆனாலும் டிரில் ஸ்குரூவின் தலையில் வழுக்கிப் பலகையில் ஒரு கீறல் விழுந்தது. எங்கள் மூத்த பிள்ளை, இருபது மாதம். அவள் போன பிறகும் இந்தப் படி இப்படியே இருந்தது, அதைக் கேட்டால் யாருக்கும் விசர், பைத்தியம் என்றுதான் தோன்றும், ஆனால் பிள்ளை இல்லாத வீட்டில் யாருக்காக அடைப்பது? கதவைப் பூட்டித் திறப்பை நான் வைத்துக்கொண்டேன். துஷி அன்றிலிருந்து கீழே வந்ததில்லை, கீழே இருக்கிற மெஷினில் உடுப்புத் தோய்ப்பது நான்தான். அவள் கதவின் கைபிடியை மட்டும் வந்து வந்து அசைத்துப் பார்ப்பாள். சமைக்க முதல், சமைத்த பிறகு, குளிக்க முதல், வேலைக்குப் போக முதல். முதியோர் இல்லத்தில் பதினாறு கிழவர் கிழவிகளுக்கு நேரம் தவறாமல் மருந்து கொடுக்கிறவள், ஒரு குளிசை மாறினது கிடையாது, வீட்டுக்கு வந்தால் அடுப்பை அணைத்தேனா என்று என்னிடம் கேட்பாள். "நீங்கள் ஒருக்காப் பாருங்கோ, என்ர கண்ணை நம்பேலாது." செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் உங்களுக்கு நேரம் சரியில்லை என்றுதான் சொன்னார்கள், ஒருத்தரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவளே அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள், நான் பக்கத்தில் நின்று பாரம் சரியாக இருக்கிறதா என்று பிடித்துவிட்டேன். அதைத்தான் செய்தேன். நாசமாய்ப் போக, அதைத்தான் செய்தேன்.

அன்று விசாரிக்க ஒரு பொலிஸ்காரி வந்தாள், நல்ல பெண், வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கதவு எப்படித் திறந்திருந்தது என்று கேட்டாள். துஷி என் பக்கத்தில் சோபாவில் இருந்தாள், ஆரபியின் ஒரு சொக்ஸைக் கையில் வைத்திருந்தாள். நான் சொன்னேன், மனைவி தோய்த்த உடுப்பை எடுக்கக் கீழே போனாள், இரண்டு கையிலும் உடுப்போடு மேலே வந்தாள், கதவைப் பூட்ட மறந்துவிட்டாள், அடுப்பில் பால் பொங்குகிறதென்று குசினிக்கு ஓடினாள். துஷி தலையாட்டினாள். பொலிஸ்காரி எழுதிக்கொண்டாள். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று என்னைக் கேட்டாள். இரவு வேலை முடித்து வந்து நித்திரை என்றேன். எல்லாம் உண்மை. ஒரு சொல் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் எப்போதாவது பிடிபட்டிருப்பேன், இது உண்மையாக இருந்தபடியால் மூன்று வருடம் அசையாமல் நிற்கிறது. ஆறாவது பலகை. ஏழாவது. ஏழாவது கொஞ்சம் இறுக்கம், சுத்தியலால் தட்டினால்தான் உள்ளே போகும், ஆனால் தட்டுகிற சத்தம் எனக்கு ஆகாது. மரத்தில் கை படுகிற சத்தமும் ஆகாது. வேலைத்தலத்தில் யாராவது மேசையில் தட்டிக் கூப்பிட்டால்கூட எழும்பி வெளியே போய்விடுவேன். அரத்தாள் எடுத்து ஓரத்தைத் தேய்க்கிறேன். தேய்க்கலாம், தேய்ப்பதில் பிழை இல்லை.

எங்கள் வீடுகளில் எல்லாம் செய்வதுதான். பிள்ளை கதிரையில் இடித்துவிட்டு அழுதால் கதிரைக்கு அடி போடுவோம். மேசையில் இடித்தால் மேசைக்கு. கூடாத கதிரை, என்ர குஞ்சுக்கு நோகப் பண்ணினதோ, இந்தா அடி. பிள்ளை அழுகையை விட்டுவிட்டு, தனக்கு நியாயம் கிடைத்துவிட்டதென்று கண்ணீரோடு சிரிக்கும். வெள்ளைக்காரர் பிள்ளையைத் தூக்கி ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்பார்கள். நாங்கள் ஆளைப் பிடிப்போம். எங்களுக்கு யாராவது ஒருத்தர் குற்றவாளியாக வேண்டும், மரக்கட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. அப்போது துஷிக்குப் பின்னேர வேலை, எனக்கு இரவு வேலை, பிள்ளையைக் கை மாற்றிக்கொள்வதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. பின்னேரங்களில் ஆரபி என்னோடு. ஒரு செவ்வாய்க்கிழமை நான் கீழே குளிர்பெட்டியில் இறைச்சி எடுக்கப் போனேன், அவளும் வருவேன் என்றாள், குண்டியால் அரக்கி அரக்கி இறங்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு படி இறங்கினாள். மூன்றாவதில் வழுக்கி நாடியை அடித்துக்கொண்டாள். உதட்டில் ஒரு துளி இரத்தம். அழுதாள் என்றால் அப்படி ஓர் அழுகை. நான் என்ன செய்வேன்? படிக்கு அடித்தேன். "கூடாத படி! அடி அதுக்கு! நீயும் போடு!" அவளும் சின்ன உள்ளங்கையை விரித்து டப்பென்று ஒன்று போட்டாள். சிரித்தாள். நான் வென்றுவிட்டேன். இரவு துஷி வந்து உதடு ஏன் வீங்கியிருக்கு என்று கேட்டாள். விளையாட்டுச் சாமானில் இடித்துவிட்டது என்றேன். படி என்று சொன்னால் கேற் என்று தொடங்குவாள், கேற் என்று தொடங்கினால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்காக. ஒரு வாய்த் தர்க்கத்தில் தோற்காமல் இருப்பதற்காக.

மற்றப் பிள்ளைகள் அடித்துவிட்டு மறந்துவிடும். ஆரபி மறக்கவில்லை. அடுத்த நாளும் நான் கதவைத் திறந்ததும் ஓடி வந்தாள், வாசலில் குந்தி இருந்தாள், இரண்டு படி அரக்கினாள், மூன்றாவதைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். "கூடாத!" டப். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கிறேனா என்று. சிரித்தேன். அதற்கு அடுத்த நாளும். ஒரு முழுக் கிழமை. நான் சிரித்தபடியால்தான் அவள் செய்தாள். அடிக்கும்போது முன்னுக்குச் சரிவாள், நான் பின்னால் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். எப்போதும் பிடித்துக்கொள்வேன். அவளுக்கு இருட்டென்றால் பயம், தனியாக அந்தக் கதவடிக்குப் போகவே மாட்டாள், துஷி எத்தனையோ நாள் அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே போய் வந்திருக்கிறாள், ஆரபி வாசலில் நின்று அம்மா அம்மா என்று கூப்பிடுவாளே தவிர ஒரு கால் உள்ளே வைத்ததில்லை. அன்று வைத்தாள். கதவு திறந்திருந்தபடியால் இல்லை. உள்ளே அவளுக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலையைக் கொடுத்தவன் நான். பத்தாவது பலகை முடிந்துவிட்டது. இனி மூன்று. இல்லை, மேலேயிருக்கிற இரண்டையும் முதலில் செய்வோம், மூன்றாவதைக் கடைசியாகப் பார்ப்போம். மற்ற எல்லாவற்றையும் கீழேயிருந்து ஒழுங்காகச் செய்துவந்தவன் இப்போது ஒன்றைத் தாண்டிக் கால் வைக்கிறேன், துஷி பார்த்தால் ஏன் என்று கேட்பாள். கேட்கட்டும். கேட்டால் நல்லது. கேட்க வேண்டாம்.

சத்தம் கேட்டது. இதைத்தான் நான் எங்கே சுற்றினாலும் வந்து முட்டுகிறேன். படிச்சுவருக்கு அடுத்த அறைதான் எங்கள் படுக்கையறை, தலைமாடு அந்தச் சுவரில். ஏழரைக்கு வந்து படுத்தவன், ஒன்பது மணி இருக்கும், பாதி நித்திரை. டப். "கூடாத!" கேட்டது. டப். கேட்டது. மூன்றாவது டப் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணை மூடிக்கொண்டே சிரித்தேன், காலையிலேயே தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். துஷி பக்கத்தில் நிற்பாள் என்று நினைத்தேன். நினைத்தேனா? நினைத்தேன் என்றுதான் மூன்று வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் துஷிக்கு அந்த விளையாட்டே தெரியாது, அவள் நின்றிருந்தால் படியில் இறங்கவே விட்டிருக்கமாட்டாள், அது எனக்குத் தெரியும், அந்தப் பாதி நித்திரையிலும் தெரிந்திருக்கும். போர்வையை இழுத்து மூடினேன். அதற்குப் பிறகு நாலாவது சத்தம் ஒன்று இருந்திருக்க வேண்டும், அது டப் இல்லை, வேறு சத்தம், அது எனக்கு ஞாபகம் இல்லை, எவ்வளவு தோண்டினாலும் இல்லை. பிறகு துஷி கத்தினாள். நடுவில் எத்தனை நேரம்? கட்டிலிலிருந்து அந்தப் படிக் கதவுக்கு ஒன்பது அடி வைத்தால் போதும், அளந்திருக்கிறேன். மூன்று தரம் அடித்தாளே, ஒன்றுக்கு எழும்பியிருக்கலாம், இரண்டுக்கு எழும்பியிருக்கலாம், மூன்றுக்காவது. குளிராக இருந்தது, அதுதான் காரணம், வேறு காரணமே இல்லை, போர்வைக்குள் சூடாக இருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும், யாருக்கு, எனக்குத்தானே. அவள் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு வீடியோ எடுத்தேன். பத்தொன்பது வினாடி. ஆரபி படியில் இருந்து அடிக்கிறாள், நான் சிரிக்கிறேன். போன் மாற்றின இரண்டு தரமும் அதைப் புதுப் போனுக்குக் கொண்டுவந்தேன். அழிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. துஷியிடம் ஆரபியின் வீடியோ நாற்பத்தொன்று இருக்கிறது, எந்த இடத்தில் இருமுவாள், எந்த இடத்தில் திரும்பிப் பார்ப்பாள் எல்லாம் அவளுக்குப் பாடம். புதிதாக ஒன்றும் வராது என்று தெரிந்தும் சொந்தக்காரர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள், உங்கட கலியாணவீட்டு வீடியோவில எங்கயாவது என்ர பிள்ளை நிக்கிறாளோ பாருங்கோ என்று. நாற்பத்திரண்டாவது என் சட்டைப்பையில் இருக்கிறது.

"முடிஞ்சுதோப்பா?" மேலே துஷி. வாசலுக்கு இரண்டடி தள்ளி நிற்கிறாள், இடுப்பில் அகரன், ஒரு கையால் அவன் தலையைத் தன் நெஞ்சோடு பிடித்திருக்கிறாள். ஒரு பலகை இருக்கு, பிறகு கம்பி, பிறகு கேற் என்றேன். அவள் எட்டிப் பார்க்காமல் கழுத்தை மட்டும் நீட்டினாள். "கேற்றுக்குப் பூட்டும் போடுங்கோ. திறப்பு உங்களிட்டயே இருக்கட்டும், எனக்குத் தர வேண்டாம்." சாதாரணமாகச் சொன்னாள், கறிக்கு உப்புப் போட்டாச்சு என்பது போல. தன் சொந்த வீட்டில், தன் சொந்தப் பிள்ளைக்கு முன்னால், அவள் தன்னைக் காவலில் வைக்கச் சொல்கிறாள், திறப்பை வைத்திருக்கத் தகுந்த ஆள் நானாம். டிரிலைக் கீழே வைத்தேன். "துஷி, உமக்கு ஒண்டு சொல்லவேணும். கதவில்லை. பிள்ளை போனது கதவாலை இல்லை." எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நடுவில் தொடங்கினேன், போர்வையைச் சொன்னேன், பிறகு உதட்டைச் சொன்னேன், படிக்கு அடிக்கப் பழக்கினதைச் சொன்னேன், திரும்பவும் போர்வைக்கு வந்தேன். அவள் அசையவில்லை. அகரன் அவள் காதுத்தோட்டைப் பிடித்து இழுத்தான், அதையும் தட்டவில்லை.

"நித்திரை எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றாள். அரைவாசி நித்திரை என்றேன். "எத்தினை தரம் அடிச்சவள்?" "மூண்டு." "பிறகு?" "பிறகு நான் படுத்திட்டன்." அவள் வாய்க்குள் ஏதோ எண்ணிப் பார்ப்பது போல நின்றாள். "பொலிஸ்காரி கேக்கேக்க நான் உங்கட பக்கத்திலதானே இருந்தனான்?" "ஓம்." "நான் தலையாட்டினதைப் பாத்தனீங்கள்." "ஓம், துஷி." "மூண்டு வருசமா நான் இந்தக் கையைப் பாத்துப் பயந்தனான். இந்தப் பிள்ளைக்குச் சோறு தீத்தவும் பயந்தனான். நீங்கள் கண்டனீங்கள்." அவள் கத்தவில்லை, கத்தினால் நன்றாக இருந்திருக்கும். நான் வீடியோவைச் சொன்னேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது. கையை நீட்டினாள். நான் படி ஏறினேன், அடைக்காத அந்த மூன்றாவதைத் தாண்டி ஏறி, போனில் அதைத் தேடி எடுத்து நீட்டினேன். ஒரு கையால் வாங்கப் பயந்தாளோ என்னவோ, அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. குனிந்தாள். அகரனைக் குசினித் தரையில் இருத்தினாள். போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கேற் இன்னும் கட்டுக் குலையாமல் கீழே கிடந்தது, ஆகவே நான் மேல்வாசலில் குறுக்கே இருந்து, படிக்கும் பிள்ளைக்கும் நடுவில் காலை நீட்டிக்கொண்டேன். அறைக்குள்ளே முதலில் கேட்டது என் சிரிப்பு, மூன்று வருடத்துக்கு முந்தின சிரிப்பு, எவ்வளவு பெரிய சிரிப்பு. பிறகு ஆரபி. முடிந்தது. திரும்பவும் தொடக்கத்திலிருந்து என் சிரிப்பு. துஷி எப்போது வெளியே வருவாள், வந்து என்னைப் பார்ப்பாளா, இந்த வீட்டில் நான் இருப்பேனா, ஒன்றும் தெரியாது. அகரன் குளிர்ந்த தரையில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டு சாத்தின கதவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், இரண்டு கையையும் தூக்கி அழத் தொடங்கினான். நான் அவனைத் தூக்கவில்லை. துஷி முதன்முதலாகத் தரையில் இறக்கிவிட்ட பிள்ளை, இருக்கட்டும்.